சீட்டு வாங்கி வருபவரும் சீட்டில் வருபவரும்: பதவிக்கு ஆள் எடுக்கும் வழிகள் பற்றிச் சில கேள்விகள்

தேர்தல் முறையில் குறை இருக்கிறது என்று பேச ஆரம்பித்தாலே, "அப்போ சர்வாதிகாரம் வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தக் கேள்வியை இதோடு முடித்துக்கொண்டு, அதற்கு அடுத்து வருகிற நல்ல கேள்விகளுக்குப் போகலாம்: தேர்தலில் என்ன குறை, வேறு வாக்கு முறைகள் உண்டா, சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தால் என்ன.

தேர்தலில் அப்படி என்னதான் குறை?

ஒரு வேலைக்கு ஆள் எடுக்க என்ன சோதனை வைக்கிறோமோ, அந்தச் சோதனையில் தேறத் தெரிந்தவர்தான் கிடைப்பார். தேர்தலில் தேற என்னென்ன வேண்டும்? முதலில் கட்சித் தலைமையிடம் சீட்டு வாங்கத் தெரிய வேண்டும். செலவுக்குப் பணம் வேண்டும். இல்லையென்றால் பணம் உள்ளவர் பின்னால் நிற்க வேண்டும். முகம் தெரிந்தவராக இருக்க வேண்டும், மேடையில் பேச வேண்டும். தோற்றுப்போனாலும் குடும்பம் நடக்க வேறு வருமானம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதவி மேல் அணையாத ஆசை வேண்டும்.

இதில் எதுவும் குற்றமில்லை. ஆனால் வரவுசெலவுத் திட்டத்தை வரி வரியாகப் படிக்கும் பொறுமை இருக்கிறதா, அதிகாரி நீட்டும் கோப்பைப் பார்த்துச் சந்தேகப்படத் தெரியுமா, இருபது வருடம் கழித்துப் பலன் தரப்போகும் வேலைக்கு இன்றைக்கே பணம் ஒதுக்கும் மனது உண்டா என்று இந்தச் சோதனை ஓரிடத்திலும் கேட்பதில்லை. ஆட்சிக்கு வந்தபின் தேவைப்படுவது இவைதான்.

ஆக, 'நல்லவர்கள் அரசியலுக்கு வருவதில்லை' என்ற புலம்பல் எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. வந்த நல்லவரும் அடுத்த தேர்தலில் நிற்க வேண்டும், அதற்கு மறுபடியும் சீட்டு வாங்க வேண்டும். மூன்றாவது வருடத்திலேயே அவர் பேச்சு மாறத் தொடங்கிவிடும்.

வாக்கு எண்ணும் முறையிலும் கோளாறு என்கிறார்களே?

ஆமாம், அது தனிக் கோளாறு. யாருக்கு அதிக வாக்கோ அவரே வென்றவர் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரிட்டனில் 2024 தேர்தலில் தொழிற்கட்சி வாங்கிய வாக்கு சுமார் 34 சதவீதம். கிடைத்த இடங்களோ 650-இல் 411. அதே தேர்தலில் 14 சதவீத வாக்கு வாங்கிய ரிஃபார்ம் கட்சிக்கு 5 இடம். 12 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடம். வாக்கு எத்தனை விழுந்தது என்பதைவிட, எந்தெந்தத் தொகுதியில் குவிந்து விழுந்தது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

வாக்குப் பிரிவது இன்னொரு தொல்லை. 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில், ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ் தன் முக்கியப் போட்டியாளர் கோரை 537 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மூன்றாவது வேட்பாளர் ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியது 97,000-க்கும் மேல். நேடருக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் புஷ்ஷைவிட கோர் பரவாயில்லை என்று நினைத்திருக்கலாம். அதைச் சொல்ல அந்த வாக்குச்சீட்டில் இடமே இல்லை.

அப்படியானால் விகிதாச்சார முறைக்கு மாறிவிடலாமே?

மாறலாம். வாங்கிய வாக்கின் விகிதத்துக்கு ஏற்ப இடம் கொடுப்பதுதான் அந்த முறை. நியூசிலாந்து மாறியது. அங்கே 1978-லும் 1981-லும் குறைந்த வாக்கு வாங்கிய கட்சி அதிக இடம் பிடித்து ஆட்சியில் உட்கார்ந்தது. மக்களுக்கு அலுத்துப்போய், 1993-இல் பொதுவாக்கெடுப்பில் முறையையே மாற்றினார்கள். 1996 முதல் ஒரு கட்சி வாங்கும் வாக்குக்கும் அதற்குக் கிடைக்கும் இடத்துக்கும் ஓரளவு பொருத்தம் இருக்கிறது. விலையும் உண்டு: பெரும்பாலும் கூட்டணி ஆட்சிதான், பேரம் தேர்தலுக்குப் பிறகு நடக்கும். கட்சிப் பட்டியலில் முதல் பெயராக யார் இருப்பது என்பதைத் தலைமை முடிவு செய்வதால், 'சீட்டு வாங்குவது' என்ற வித்தை ஒழிவதில்லை. வரிசையில் முன்னிடம் வாங்குவதாக அது உருமாறுகிறது.

இன்னொரு வழி, வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி குறிப்பது. ஆஸ்திரேலியா தன் கீழவைக்கு 1918 முதல் இதைத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் முதல் விருப்பம் கடைசி இடத்துக்குப் போய் வெளியேறிவிட்டால், உங்கள் வாக்கு அடுத்த விருப்பத்துக்கு நகரும். வாக்கு வீணாகிவிடுமோ என்ற பயம் பெருமளவு குறையும். பெருமளவுதான், முழுசாக இல்லை. அமெரிக்காவில் பர்லிங்டன் என்ற சிறு நகரம் 2009-இல் இந்த முறையில் மேயரைத் தேர்ந்தெடுத்தது. மற்ற இருவரோடு தனித்தனியாக மோதினால் இருவரையுமே வென்றிருக்கக்கூடிய ஒருவர், முதல் விருப்பம் குறைவு என்பதால் மூன்றாம் இடத்தோடு வெளியேறினார். அடுத்த ஆண்டே அந்த ஊர் முறையைக் கைவிட்டது, பிறகு மீண்டும் கொண்டுவந்தது.

மூன்றாவது, மிக எளியது: பிடித்த எல்லாருக்கும் ஒரு டிக் போடுங்கள், அதிக டிக் வாங்கியவர் வென்றார். வாக்குச்சீட்டையோ எந்திரத்தையோ அதிகம் மாற்ற வேண்டாம். ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் சின்னப் பதவிகளுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

குறையே இல்லாத வாக்கு முறை எது?

கிடையாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களை எல்லாரும் வரிசைப்படுத்தித் தரும்போது, நியாயமானவை என்று நாம் நினைக்கும் சில எளிய நிபந்தனைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றும் முறை இருக்கவே முடியாது என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951-இல் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். இதை வைத்துக்கொண்டு "அப்போ இருப்பதே இருக்கட்டும்" என்று சொல்பவர்களும் உண்டு. எல்லாச் செருப்பும் எங்காவது கடிக்கும் என்பதற்காக, ரத்தம் வரவைக்கும் செருப்பையே போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

நோட்டா? திரும்ப அழைக்கும் உரிமை?

'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று சொல்லும் நோட்டா இந்தியாவில் 2013-இல் வந்தது. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தாலும், அடுத்து இருக்கும் வேட்பாளர்தான் வென்றவர். கோபத்தைப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான்.

பதவியில் இருப்பவரை வாக்காளர்கள் பாதியிலேயே திரும்ப அழைப்பதற்குப் பல் உண்டு. கலிஃபோர்னியாவில் 2002-இல் வென்ற ஆளுநர் கிரே டேவிஸை 2003-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்துக்குப் போட்டியிட்டவர்கள் 135 பேர்! ஆள் வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு கேள்வி, அடுத்து யார் என்பது இன்னொரு கேள்வி என்று இரண்டையும் ஒரே சீட்டில் வைத்ததால், 'இவரே தொடரட்டும்' என்று விழுந்த வாக்கைவிடக் குறைவாக வாங்கியவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட வழி இருக்கிறது. தோற்ற கட்சி மறுநாளே கையெழுத்து வேட்டையைத் தொடங்கும் அபாயமும் உண்டு.

படித்தவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டால் என்ன? தேர்வு வைத்துப் பதவி கொடுத்தால் என்ன?

இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு.

ஓட்டுப் போடத் தகுதித் தேர்வு வைத்துப் பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனை வைத்தார்கள். கேள்வியைத் தேர்ந்தெடுப்பதும் திருத்துவதும் வெள்ளைக்கார அதிகாரி. கறுப்பினத்தவரை வாக்குப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தவே அது பயன்பட்டது. 1965 வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதற்கு முடிவு வந்தது. சோதனை வைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, ஆட்சியும் அவர் கையில்.

பதவிக்குத் தேர்வு என்பது அப்படி இல்லை. சீனா ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் தேர்வு வைத்து அதிகாரிகளை எடுத்தது, 1905-இல்தான் நிறுத்தியது. இன்று பல நாடுகளில் அரசு அலுவலகங்கள் நடப்பது தேர்வில் வந்தவர்களால்தான். ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று தெரிந்தவரைத் தேர்வு கண்டுபிடிக்கும். எந்தக் காரியத்தைச் செய்ய வேண்டும், யார் வயிற்றில் அடித்துச் செய்வது என்பதற்கு விடைத்தாள் இல்லை.

சரி, எல்லாப் பதவிக்கும் தேர்தலே வைத்துவிட்டால்? நீதிபதி வரைக்கும்?

மெக்சிகோ 2025 ஜூனில் வைத்துப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் முதல் கீழே வரை நூற்றுக்கணக்கான நீதிபதிகள், கேள்விப்பட்டிராத பெயர்கள், கையில் கத்தையாக வாக்குச்சீட்டு. வந்து வாக்களித்தவர்கள் சுமார் 13 சதவீதம். யாருக்குப் போட வேண்டும் என்று எண்கள் அச்சிட்ட துண்டுத்தாள்கள் புழங்கியதாகப் பெரிய சர்ச்சையே எழுந்தது. வாக்காளருக்கு ஒருவரை எடைபோட நேரமும் தகவலும் இல்லையென்றால், துண்டுத்தாள் அச்சடிப்பவர்தான் உண்மையில் தேர்ந்தெடுக்கிறார்.

குலுக்கல் முறை என்கிறீர்கள். விளையாட்டாகச் சொல்கிறீர்களா?

இல்லை. மக்களாட்சி என்ற சொல்லே பிறந்த இடத்தில் பெரும்பாலான பதவிகள் குலுக்கலில்தான் போயின. பண்டைய ஏதென்ஸில் 500 பேர் அவை இருந்தது. பத்துக் குலங்கள், குலத்துக்கு 50 பேர், முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், குலுக்கலில். பதவிக்காலம் ஒரு வருடம். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. நீதிமன்றங்களுக்கு ஆண்டுக்கு 6,000 பேரைச் சீட்டில் எடுத்து, அதிலிருந்து வழக்குக்கு நூற்றுக்கணக்கில் உட்கார வைத்தார்கள். அதற்கென்றே துளை வரிசைகள் வெட்டிய ஒரு கல் சாதனம் இருந்தது. பெயர்த் தகடுகளைத் துளைகளில் செருகி, கறுப்பும் வெள்ளையுமான குண்டுகளைக் குழாய் வழியே விட்டு, எந்த வரிசைக்கு வெள்ளை வருகிறதோ அந்த வரிசையில் உள்ளவர்களை எடுப்பார்கள்.

பதவிகளைக் குலுக்கலில் கொடுப்பது மக்களாட்சியின் குணம், தேர்தலில் கொடுப்பது ஒரு சிலர் ஆட்சியின் குணம் என்றே அரிஸ்டாட்டில் எழுதினார். தேர்தல் என்று வைத்தால் பணமும் பெயரும் உள்ளவர்தான் வருவார் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அதே ஏதென்ஸ்காரர்கள் படைத்தலைவர்கள் பத்துப் பேரை மட்டும் குலுக்கவில்லை, கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கலை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் யார் பெயரும் அந்தக் கல்லில் செருகப்படவில்லை. சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்ததும் குலுக்கலில் வந்த நடுவர் கூட்டம்தான்.

குடவோலை இதில் சேருமா?

சேரும், ஆனால் மேடைகளில் சொல்லப்படும் விதத்தில் அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (பொ.ஆ. 919, 921) விதிகள் விரிவாக இருக்கின்றன. முப்பது குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), ஒவ்வொன்றிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இப்படி வருபவர்களில் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் 360 நாள்.

இதை 'உலகின் முதல் தேர்தல்' என்று பெருமைப்படுகிறார்கள். இது தேர்தலே இல்லை, குலுக்கல். எல்லாருக்கும் திறந்திருந்ததும் இல்லை. அது பிராமணர் ஊர்ச்சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கும் 70-க்கும் இடையே வயது, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். உழுதவர் பெயரோ பெண் பெயரோ குடத்துக்குள் போகவில்லை.

எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது குடம் இல்லை, கணக்கு. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமில்லை: அவனுடைய சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மருமகன் என்று உறவுப் பட்டியலே நீள்கிறது, அவர்கள் பெயரும் கூடாது. சொந்தக்காரரை வைத்துப் பின்வாசல் வழியாக வரும் வேலையை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே யாரோ பார்த்துப் பார்த்து நொந்திருக்கிறார்கள். ஏதென்ஸிலும் இதே கதைதான்: பதவி ஏற்கும் முன் விசாரணை, இறங்கும்போது கணக்குத் தணிக்கை. ஆளை எப்படி எடுக்கிறோம் என்று நாம் மணிக்கணக்கில் வாதாடுகிறோம். இறங்கும்போது கணக்கு கேட்பது என்ற பாதியை விட்டுவிட்டால், எந்த முறையில் எடுத்தாலும் ஒன்றுதான்.

குலுக்கலில் ஒன்றும் தெரியாதவர் வந்துவிட்டால்?

வருவார். தேர்தலிலும் வருகிறார் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. உண்மையான பதில் இது: தனியாளாகப் பார்த்தால் ஆபத்து, நூறு பேராக உட்கார வைத்து, நாலைந்து மாதம் கொடுத்து, இரண்டு பக்கத்து நிபுணர்களையும் கேள்வி கேட்க விட்டால் நிலைமை வேறு. கொலை வழக்கிலேயே பல நாடுகள் சாதாரண மனிதர் பன்னிரண்டு பேரை நம்புகின்றன.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004-இல் 160 பேரைக் குலுக்கலில் எடுத்துத் தேர்தல் முறையைப் பரிசீலிக்கச் சொன்னார்கள். தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண், அப்புறம் பூர்வகுடியினர் இருவர். ஏறக்குறைய ஓராண்டு படித்து, விவாதித்து, மாற்று முறை ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். 2005 பொதுவாக்கெடுப்பில் 57.7 சதவீதம் ஆதரவு. வென்றுவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? அரசு முன்கூட்டியே 60 சதவீதம் வேண்டும் என்று விதித்திருந்தது. அதே அரசு அந்த 60-ஐவிடக் குறைந்த வாக்கு வாங்கித்தான் ஆட்சியில் இருந்தது.

அயர்லாந்தில் கதை வேறு. அரசியல்வாதிகள் கைவைக்கப் பயந்த கருக்கலைப்பு விவகாரத்தை, 2016-இல் குலுக்கலில் வந்த 99 பேரிடமும் ஒரு தலைவரிடமும் விட்டார்கள். அவர்கள் தடையை நீக்கச் சொன்னார்கள். 2018 பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் அதற்கு ஆதரவு. மக்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பது நாடாளுமன்றத்துக்கே தெரிந்திருக்கவில்லை.

பிரான்சில் 150 பேர் பருவநிலை குறித்து 149 பரிந்துரைகள் கொடுத்தார்கள். எதையும் வடிகட்டாமல் முன்னே கொண்டுபோவேன் என்று அதிபர் மக்ரோன் சொல்லியிருந்தார். வடிகட்டினார்கள். குலுக்கல் அவை எவ்வளவு உழைத்தாலும், அதன் பேச்சுக்குச் சட்டத்தில் இடம் இல்லையென்றால் படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோவதோடு சரி.

அப்படியென்றால் நாடாளுமன்றத்தையே குலுக்கலில் எடுத்துவிடலாமா?

சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. தேர்தலுக்கு ஒரு பெரிய குணம் உண்டு: பிடிக்காதவரை வெளியே அனுப்பலாம். குலுக்கலில் வந்தவர் எப்படியும் போகப்போகிறவர்; அவரைத் தண்டிக்க வாக்காளரிடம் எதுவும் இல்லை. ஒரு வருடத்தில் போகிறவரை நிரந்தர அதிகாரிகள் சுலபமாக வழிநடத்திவிடுவார்கள் என்பதும் உண்மையான பயம்.

ஆனால் சில வேலைகளைத் தேர்தலில் வென்றவர்களிடம் கொடுப்பது, பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதுதான். தங்கள் தொகுதி எல்லையைத் தாங்களே வரைவது, தங்கள் சம்பளத்தைத் தாங்களே நிர்ணயிப்பது, கட்சி நிதிக்கு விதி எழுதுவது, தங்கள் மீதான ஊழல் புகாரை விசாரிப்பது. இந்த இடங்களில்தான் குலுக்கல் பொருந்தும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2018-இல் தொகுதி எல்லை வரையும் வேலையை அரசியல்வாதிகள் கையிலிருந்து எடுத்து, விண்ணப்பித்த குடிமக்களிலிருந்து குலுக்கலில் வரும் 13 பேரிடம் கொடுத்தது: இரண்டு பெரிய கட்சிகளையும் சார்ந்தவர்கள் தலா நான்கு பேர், எந்தப் பக்கமும் சாராதவர்கள் ஐந்து பேர். அவர்கள் வரைந்த சில தொகுதிகள் பிறகு நீதிமன்றத்தில் அடிபட்டன, திரும்ப வரைய வேண்டியதாயிற்று. தவறு செய்தார்கள். ஆனால் தங்கள் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த தவறு இல்லை; அவர்களுக்கு நாற்காலியே கிடையாது.

வந்தவர்களை விலைக்கு வாங்கிவிட மாட்டார்களா?

முயல்வார்கள். தடுக்க வழி, யாரை வாங்க வேண்டும் என்றே தெரியாமல் வைப்பது. வெனிஸ் இதை ஒரு கலையாகவே செய்தது. 1268 முதல் அந்தக் குடியரசின் தலைவரைத் தேர்ந்தெடுத்த விதம் இது: பெருமன்றத்திலிருந்து 30 பேர் குலுக்கலில், அதை 9 ஆகக் குறைப்பது குலுக்கலில், அந்த 9 பேர் 40 பேரைத் தேர்வார்கள், அது குலுக்கலில் 12 ஆகும், 12 பேர் 25 பேரை, அது 9 ஆகும், அவர்கள் 45 பேரை, அது 11 ஆகும், அந்த 11 பேர் தேர்ந்தெடுக்கும் 41 பேர் கடைசியில் தலைவரைத் தேர்வார்கள். படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. லஞ்சம் கொடுக்க நினைப்பவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். 1797-இல் நெப்போலியன் வந்து குடியரசையே முடிக்கும் வரை இந்த முறை தாக்குப்பிடித்தது.

குலுக்குகிறவரே ஏமாற்றினால்?

எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதற்கு விடை தத்துவம் இல்லை, கைவேலை. இன்று கணினி குலுக்குகிறது என்றால், அந்த நிரல் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். குலுக்கலைத் தொடங்கக் கணினிக்குக் கொடுக்கும் எண்ணை எல்லார் கண் முன்னாலும் பகடை உருட்டி எடுக்க வேண்டும். அதே எண்ணைக் கொடுத்து யார் ஓட்டினாலும் அதே பெயர்கள் வர வேண்டும். திரைக்குப் பின்னால் குலுக்கிவிட்டுப் பட்டியல் ஒட்டினால் அது நியமனம்தான்.

வெனிஸில் குண்டுகளை எடுக்க ஒரு சிறுவனை வைத்தார்கள். உத்திரமேரூரிலும் சிறுவன்தான். அதோடு அங்கே இன்னொரு விதியும் இருந்தது. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்கிக்கொள்பவர், சபை முழுக்கப் பார்த்திருக்க, ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பிறகு பெயரை உரக்கப் படிக்க வேண்டும். அதன்பின் அங்கிருக்கும் நம்பிமாரும் (பூசாரிகள்) அதே ஓலையை வாங்கி, தாங்களும் படித்துக் காட்ட வேண்டும்.